பன்ஜி – விட்டெரா இணைப்பு முடிஞ்சாச்சு: விளைஞ்சதை விக்க இனி எத்தனை வாசல் மிச்சம்?

களத்துமேடு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இதைப் பத்தி ஒரு இழை ஆரம்பிக்கணும்னு ரொம்ப நாளா மனசுல இருந்துச்சு. 2023 ஜூன்ல அறிவிச்ச டீல் இது. ஒவ்வொரு நாட்டு அனுமதிக்கும் ரெண்டு வருஷம் காத்துக் கிடந்து, கடைசியா சீனாவும் சரின்னு சொன்னதுக்கு அப்புறம் 2025 ஜூலை 2ஆம் தேதி, உலகம் முழுக்கத் தானியம் வாங்கி விக்கிற பெரிய கம்பெனி பன்ஜி, அதே தொழில்ல இருந்த விட்டெராவ வாங்கி முடிச்சிருச்சு. வந்த செய்திய எல்லாம் படிச்சுப் பார்த்தேன், ஷேர் விலை என்ன ஆகும், கடன் எவ்வளவு, செலவு எவ்வளவு மிச்சமாகும், இதே பேச்சுதான். தானியத்தை லாரியில ஏத்திக்கிட்டு அவங்க கிடங்கு வாசல்ல வந்து நிக்கிற ஆளுக்கு இதனால என்ன ஆகும்னு ஒரு பாரா கூட காணோம்.

புதுசா படிக்கிறவங்களுக்காக சுருக்கமா சொல்லிடறேன். உலக தானிய வியாபாரத்துல ஏபிசிடின்னு நாலு பேரைச் சொல்லுவாங்க, ஏடிஎம் (ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லேண்ட்), பன்ஜி, கார்கில், லூயி டிரைஃபஸ். பன்ஜி 1818ல ஆம்ஸ்டர்டாம்ல ஆரம்பிச்சது, லூயி டிரைஃபஸ் 1851, கார்கில் 1865, ஏடிஎம் 1902. கார்கில் இன்னிக்கும் குடும்பச் சொத்துதான், ஷேர் மார்க்கெட்ல கிடையாது, அதனால அவங்க கணக்கு வழக்கு வெளியாளுக்கு முழுசா தெரியாது. இந்த நாலு பேருக்கு அடுத்த வரிசையில சீனாவோட காஃப்கோவும் விட்டெராவும் இருந்தாங்க. அதுல விட்டெரா இப்போ பன்ஜிக்குள்ள போயிருச்சு.

என்னைப் பொறுத்தவரைக்கும் இந்த மாதிரி செய்தி வரும்போது கேக்க வேண்டிய முதல் கேள்வி, இதுக்கு அப்புறம் விவசாயிக்கு எத்தனை வாசல் மிச்சம் இருக்கு அப்படிங்கிறதுதான். விதை, உரம், மருந்து, மெஷின் வாங்கப் போற வாசலும் சரி, விளைஞ்சதை விக்கப் போற வாசலும் சரி. உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க.

---

வரப்போரம் எழுதியது:

களத்துமேடு அண்ணே, கேள்வி நியாயம்தான், ஆனா மறுபக்கத்தையும் பேசணும். தானிய வியாபாரம்ங்கிறது சின்ன ஆளால செய்ய முடியாத வேலை. பனாமாக்ஸ்னு சொல்ற ஒரு பெரிய சரக்குக் கப்பல்ல 60,000 டன்னுக்கு மேல ஏறும், அதை நிரப்பணும்னா பல இடத்துக் கிடங்குல இருந்து ரயில்ல கொண்டு வந்து துறைமுகத்துல சேர்த்து, ஒரே தரத்துக்குக் கலந்து, கப்பல் வர்ற நாளுக்கு ரெடியா வெச்சிருக்கணும். கப்பல் காத்துக்கிட்டு நின்னா ஒவ்வொரு நாளும் அபராதம். டன்னுக்குக் கிடைக்கிற லாபமோ ரொம்பச் சின்னது, அளவு பெருசா இருந்தாத்தான் கட்டுப்படியாகும். ஒரு நாட்டுல வறட்சின்னா இன்னொரு நாட்டுல இருந்து எடுத்துக் கொடுக்க பெரிய ஆளு வேணும்.

2022 பிப்ரவரில உக்ரைன் போர் ஆரம்பிச்சப்ப நடந்ததை நினைச்சுப் பாருங்க. கருங்கடல் துறைமுகம் மூடுனதும் மார்ச் மாசம் ஐநாவோட உணவு வேளாண் அமைப்பு எஃப்ஏஓ போடுற உணவு விலைக் குறியீடு அதுவரைக்கும் இல்லாத உச்சத்துக்குப் போச்சு. அப்புறம் ஜூலைல கருங்கடல் தானிய ஒப்பந்தம் போட்டு, 2023 ஜூலைல ரஷ்யா விலகுற வரைக்கும் ஏறக்குறைய 33 மில்லியன் டன் வெளிய வந்துச்சு. அந்த அளவுக்குச் சரக்கை நகர்த்த கப்பல், காப்பீடு, கிடங்கு எல்லாம் கையில இருக்கிற ஆளுங்க வேணும்ல. அதனால பெருசுன்னாலே தப்புன்னு நான் ஒத்துக்க மாட்டேன்.

---

கிடங்குக்காரன் எழுதியது:

நான் தானியக் கொள்முதல் பக்கம் வேலை பார்த்தவன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க.

வரப்போரம் சார் சொன்னது கப்பல் பக்கத்துக் கதை, அது சரிதான். விவசாயிக்கு விலை முடிவாகிற இடம் கப்பல் கிடையாது. கோதுமை, மக்காச்சோளம், சோயாவுக்கு சிகாகோ சந்தையில ஒரு விலை ஓடும், அது உலகத்துக்கே தெரியும், எந்த இணைப்பு நடந்தாலும் அது பெருசா அசையாது. அந்த விலைக்கும் கிடங்கு வாசல்ல விவசாயிக்குக் கொடுக்கிற விலைக்கும் நடுவுல ஒரு வித்தியாசம் இருக்கும், அதை நாங்க பேசிஸ்னு சொல்லுவோம். போக்குவரத்துச் செலவு, சேமிப்புச் செலவு, கம்பெனி லாபம் எல்லாம் அதுக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கும். லாரி போற தூரத்துக்குள்ள ரெண்டு கம்பெனி கிடங்கு இருந்தா ஒருத்தன் பேசிஸைக் கூட்டிப் பிடிச்சா ஆளு அடுத்தவன்கிட்ட போயிருவான். ஒரே கம்பெனிக்கு ரெண்டும் சொந்தம்னா போறதுக்கு இடம் ஏது? டன்னுக்கு ஒண்ணு ரெண்டு டாலர் கூடுதலாப் பிடிச்சா செய்தியில வராது, கோர்ட்டுக்கும் போகாது, ஆனா ஒரு அறுவடை முழுக்கக் கணக்குப் போட்டா குடும்பத்தோட வருஷச் சேமிப்பே அதுதான்.

விலை மட்டும்னு நினைக்காதீங்க. லாரி எடைமேடையில ஏறி நிக்கும், மேல இருந்து ஒரு நீளக் குழாயை தானியத்துக்குள்ள இறக்கி நாலஞ்சு இடத்துல மாதிரி எடுப்பாங்க, அது உள்ள ரூமுக்குப் போகும். ஈரப்பதம் பார்ப்பாங்க, சல்லடையில போட்டு ஆட்டி பதர், களை விதை, உடைசல் எவ்வளவுன்னு கழிப்பாங்க, அப்புறம் தரம் போடுவாங்க. அரை சதவீத ஈரம், ஒரு படி தரம், இதுல கைய வெச்சாலே காசு போயிரும். பக்கத்துல போட்டிக் கிடங்கு இருந்தா அந்த ரூம்ல உக்காந்திருக்கிற ஆளு பார்த்துப் பண்ணுவான், "இங்க குறைச்சாங்க, அங்க கொண்டு போறேன்"னு சொல்ல முடியும்ல. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ற சக்திதான் இணைப்புல காணாமப் போகுது.

இப்போ விட்டெரா எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்றேன், எனக்கு மனசு ஆறாத விஷயம் இது. கனடா சஸ்காச்சுவான்ல விவசாயிங்க தனியார் தானியக் கம்பெனிகளோட கெடுபிடி தாங்காம ஒண்ணு சேர்ந்து 1924ல ஆரம்பிச்ச கூட்டுறவுதான் சஸ்காச்சுவான் வீட் பூல். மனிடோபா, ஆல்பர்ட்டா மாகாணத்துலயும் அதே மாதிரி பூல் இருந்துச்சு. விவசாயிதான் உறுப்பினர், விவசாயிதான் முதலாளி, ஊருக்கு ஊர் கிடங்கு கட்டினாங்க. 1996ல சஸ்காச்சுவான் பூல் முதலீட்டுக்காக ஷேர் மார்க்கெட் போச்சு. 2007ல மத்த ரெண்டு பூல்களோட வாரிசா இருந்த அக்ரிகோர் யுனைடெடை வாங்கி விட்டெரான்னு பேரு மாத்துச்சு. 2012ல சுவிஸ் கம்பெனி கிளென்கோர் அதை வாங்குச்சு. இப்போ 2025ல பன்ஜி. எந்த மாதிரி கம்பெனிகிட்ட இருந்து தப்பிக்கணும்னு தாத்தா காலத்துல காசு போட்டுக் கட்டினாங்களோ, அந்தக் கிடங்குங்க கடைசியில அந்த மாதிரி கம்பெனி கைக்கே போயிருச்சு.

---

அந்திமழை எழுதியது:

கிடங்குக்காரன் அண்ணா, இவ்வளவு தெளிவா யாரும் சொல்லிக் கேட்டதில்ல, நன்றி. நான் வேளாண் வணிகம் படிக்கிற ஸ்டூடண்ட், எங்க பாடத்துல இணைப்புன்னா செலவு மிச்சம்னு ஒரு வரியில முடிச்சிருவாங்க. ரெகுலேட்டர்னு ஒருத்தர் இருக்காரே, அவங்க ஒண்ணும் பண்ணலையா?

---

கிடங்குக்காரன் எழுதியது:

பண்ணாங்கம்மா, ஆனா போதுமான்னு நீங்களே பாருங்க. கனடாவோட போட்டி ஆணையம் 2024 ஏப்ரல்ல அறிக்கை கொடுத்துச்சு, மேற்கு கனடாவுல தானியம் வாங்குற போட்டிக்கு இது பாதிப்புன்னு நேராவே எழுதினாங்க. அதுலயும் ஒரு முக்கியமான சங்கதி, பன்ஜிக்கு ஜி3ன்னு இன்னொரு தானியக் கம்பெனியில ஏற்கனவே பங்கு இருந்துச்சு, அதாவது எதிர் கடையிலயும் அவங்க கை. அந்த ஜி3 எப்படி வந்துச்சு தெரியுமா? கனடா வீட் போர்டுன்னு ஒரு அரசு அமைப்பு 1943ல இருந்து மேற்கு கனடா கோதுமைய ஒரே கையா வித்துக்கிட்டு இருந்துச்சு. 2012 ஆகஸ்ட்ல அந்த உரிமைய எடுத்தாங்க, 2015ல அதோட பெரும்பங்கை பன்ஜியும் ஒரு சவுதி நிறுவனமும் சேர்ந்து வாங்கினாங்க. அதுதான் ஜி3.

2025 ஜனவரில கனடா அரசு நிபந்தனையோட அனுமதி கொடுத்துச்சு. விட்டெராவோட ஆறு கிடங்கை விக்கணும், ஜி3 விவகாரத்துல பன்ஜி தலையிடக் கூடாது, கனடாவுல இவ்வளவு முதலீடு செய்யணும், இப்படி. ஐரோப்பிய யூனியன் அதுக்கு முன்னாடியே 2024ல ஹங்கேரி, போலந்துல இருக்கிற எண்ணெய் வித்துத் தொழிலை விக்கச் சொல்லி ஒத்துக்கிச்சு. ஆறு கிடங்கு வித்தா ஆறு இடத்துல போட்டி இருக்கும், சந்தோஷம். மத்த இடத்து விவசாயிக்கு யாரு பதில் சொல்றது?

---

களத்துமேடு எழுதியது:

அண்ணே, அங்க விவசாயிக்கு வேற வழியே இல்லையா? கிடங்கைத் தாண்டி நேரா ரயில்ல ஏத்த முடியும்னு எங்கயோ கேள்விப்பட்டேன்.

---

கிடங்குக்காரன் எழுதியது:

இருக்கு. விவசாயி தானே ஒரு ரயில் வேகன் கேட்டு வாங்கி ஏத்தலாம்ங்கிற உரிமை கனடா சட்டத்துல இன்னிக்கும் இருக்கு, அதுவும் சும்மா வரல. 1902ல சிண்டலூட்டான்னு ஒரு சின்ன ஸ்டேஷன்ல, கிடங்குக் கம்பெனிக்கு மட்டும் வேகன் கொடுத்துட்டு விவசாயிய காக்க வெச்ச ரயில்வே ஏஜெண்ட் மேல விவசாயிங்க சங்கம் கேஸ் போட்டு ஜெயிச்சாங்க. கிடங்குல சொன்ன தரம், கழிவு ஒத்துக்க முடியலன்னா அரசு தானிய ஆணையத்துக்கு மாதிரி அனுப்பி அவங்க சொல்ற தரத்துக்குக் காசு வாங்கற உரிமையும் இருக்கு. வாசல் குறையக் குறைய இந்த மாதிரி உரிமைக்கு மதிப்பு ஏறும். எந்த நாட்டுல சந்தைச் சட்டத்தைத் திருத்தினாலும் முதல்ல இதைத்தான் தேடிப் பார்க்கணும்.

---

விதைநேர்த்தி எழுதியது:

விக்கிற வாசலைப் பேசிட்டீங்க, வாங்குற வாசலைப் பத்தி நான் சொல்றேன். நான் பயிர் இனப்பெருக்கம் படிச்சு அந்தத் துறையிலயே வேலை பார்க்கிறேன்.

2017, 2018, 2019 மூணு வருஷத்துல விதை, பயிர் மருந்து உலகமே மாறிருச்சு. 2017ல சீனாவோட கெம்சைனா 43 பில்லியன் டாலருக்கு சிஞ்சென்டாவ வாங்குச்சு. அதே வருஷம் டவ்வும் டூபாண்டும் ஒண்ணு சேர்ந்து, 2019ல அதுல இருந்து விவசாயப் பகுதி மட்டும் கோர்டேவான்னு தனியா வந்துச்சு. 2018 ஜூன்ல பேயர் 60 பில்லியன் டாலருக்கு மேல கொடுத்து மான்சாண்டோவ வாங்குச்சு, அதுக்கு அனுமதி வாங்க தன்னோட விதைத் தொழிலைப் பெருமளவு பிஏஎஸ்எஃப்ங்கிற இன்னொரு ஜெர்மன் கம்பெனிக்கு வித்துச்சு. ஆறு பெரிய கம்பெனின்னு சொல்லிக்கிட்டு இருந்தது நாலு ஆச்சு, சிஞ்சென்டா, கோர்டேவா, பேயர், பிஏஎஸ்எஃப். உலக வணிக விதைச் சந்தையில பாதிக்கு மேல இப்போ இந்த நாலு பேரு கையில.

எண்ணிக்கைய விட எனக்குக் கவலை தர்றது, விதையும் களைக்கொல்லியும் ஒரே வீட்டுல இருக்கிறது. அமெரிக்காவுல டைகாம்பா விஷயத்தை எடுத்துக்கங்க. கிளைஃபோசேட்ங்கிற களைக்கொல்லிக்கு களை சாகாம எதிர்ப்பு வளந்துருச்சு, அதனால டைகாம்பாங்கிற இன்னொரு களைக்கொல்லி அடிச்சாலும் சாகாத சோயா விதைய இறக்கினாங்க. டைகாம்பா வெயில்ல ஆவியாகி காத்துல நகர்ந்து போற மருந்து. பக்கத்து நிலத்துல சாதா சோயா இருந்தா ரெண்டு வாரத்துக்குள்ள புது இலை எல்லாம் ஓரம் மேல மடிஞ்சு கிண்ணம் மாதிரி குழிஞ்சு நிக்கும், பார்த்தாலே தெரிஞ்சிரும். 2017ல மட்டும் அமெரிக்காவுல ஏறக்குறைய 36 லட்சம் ஏக்கர் சோயா பாதிச்சதா மிசௌரி பல்கலைக்கழகத்துக்காரங்க கணக்கு எடுத்தாங்க. மிசௌரியில ஒரு பீச் பழத் தோட்டக்காரர் கேஸ் போட்டு 2020ல ஜூரி 265 மில்லியன் டாலர் கொடுக்கச் சொல்லுச்சு, அப்புறம் நீதிபதி அந்தத் தொகையைக் குறைச்சாரு. 2020லயும் 2024லயும் நீதிமன்றம் அந்த மருந்தோட அனுமதியையே ரத்து பண்ணுச்சு.

இதுக்கு நடுவுல என்ன ஆச்சுன்னா, பக்கத்து நிலத்துக்காரன் அடிக்கிறான், என் பயிர் கருகுது, அப்போ நானும் அதே விதைய வாங்கினாத்தான் தப்பிப்பேன்னு பல விவசாயிங்க தற்காப்புக்காகவே அந்த விதைக்கு மாறினாங்க. விதை பிடிச்சு வாங்கல, பயந்து வாங்கினாங்க. விற்பனைக் கணக்குல ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும், அதை வெச்சு "விவசாயிகள் மத்தியில பெரும் வரவேற்பு"ன்னு செய்தி வரும்போது எனக்குக் கோவம் வருது.

---

வரப்போரம் எழுதியது:

விதைநேர்த்தி மேடம், டைகாம்பா விஷயத்துல உங்களோட முழுசா ஒத்துப் போறேன். ஆனா ஒண்ணு, ஒரு புது மரபணுப் பண்பைக் கண்டுபிடிச்சு சோதனை பண்ணி அனுமதி வாங்கி சந்தைக்குக் கொண்டு வர நூறு மில்லியன் டாலருக்கு மேலயும் பத்து வருஷத்துக்கு மேலயும் ஆகுது. காப்புரிமை இல்லன்னா யாரு அந்தக் காசைப் போடுவா?

---

விதைநேர்த்தி எழுதியது:

சார், நியாயமான கேள்வி. காப்புரிமையே வேண்டாம்னு நான் சொல்லல. அது எவ்வளவு தூரம் நீளுதுன்னு பாருங்க. போமன் - மான்சாண்டோ வழக்குல இந்தியானாவுல ஒரு வயசான விவசாயி கிடங்குல இருந்து சாதாரண சோயா தானியத்தை வாங்கி ரெண்டாம் போகத்துக்கு விதைச்சாரு. அதுல பெரும்பாலும் கிளைஃபோசேட் தாங்குற ரகம்தான் இருந்துச்சு, ஏன்னா சந்தை முழுக்கவே அதுதான். 2013 மே மாசம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதியும் ஒரே குரல்ல அவருக்கு எதிராத் தீர்ப்பு கொடுத்தாங்க, 84,000 டாலருக்கு மேல நஷ்டஈடு. சட்டப்படி தீர்ப்பு சரியா இருக்கலாம். ஆனா தானியத்தை எடுத்து விதைக்கிறதுங்கிற, மனுஷன் விவசாயம் ஆரம்பிச்ச நாள்ல இருந்து செய்ற வேலைய, ஒரு லைசென்ஸ் விவகாரமா அது மாத்திருச்சு.

அரசு பல்கலைக்கழகம், பொது ஆராய்ச்சி நிலையம் எல்லாம் பலமா ரகம் வெளியிட்டுக்கிட்டு இருந்தா விவசாயிக்கு இன்னொரு வாசல் இருக்கும், கம்பெனியும் விலைய யோசிச்சுத்தான் வெக்கும். ரகம் உருவாக்குற துறைக்கு காசைக் குறைச்சுட்டு அப்புறம் கம்பெனிதான் செய்யணும்னு சொன்னா, அந்தப் போட்டிய நாமளே கொன்ன மாதிரிதானே.

---

டீசல் எஞ்சின் எழுதியது:

மெஷின் பக்கத்துக்கு நான் வர்றேன். அறுவடை மெஷின், டிராக்டர் ரிப்பேர்தான் என் தொழில், கம்பெனி பேரு வேண்டாம்.

அறுவடை நேரம், வானம் இருட்டிக்கிட்டு வருது, கம்பைன் பாதி நிலத்துல நிக்குது. ஸ்கிரீன்ல எரர் கோட், எஞ்சின் பவரைத் தானாவே குறைச்சுக்கிச்சு, நடக்கும் ஆனா அறுக்காது. போய்ப் பார்த்தா புகைக் கட்டுப்பாட்டு சென்சார் போயிருக்கு. கையளவு சாமான், ரெண்டு போல்ட் கழட்டி புதுசு மாட்ட அரை மணி நேரம் கூட ஆகல. மாட்டியாச்சு, ஆனா மெஷின் ஏத்துக்க மாட்டேங்குது, ஏன்னா டீலர் லேப்டாப்ல இருக்கிற சாஃப்ட்வேரை மாட்டி இது புது சென்சார்னு அதுக்குச் சொன்னாத்தான் பழைய கோட் அழியும். டீலர் ஆளு வேற இடத்துல இருக்கான், நாளைக்குத்தான் வருவான். ராத்திரி மழை கொட்டிருச்சு. கதிர் சாஞ்சு போச்சு. அந்த நிலத்துக்காரர் என்னைப் பார்த்த பார்வைய என்னால மறக்க முடியல, சாமான் என் கையில இருந்துச்சு, வேலையும் எனக்குத் தெரியும், ஆனா அனுமதி மட்டும் இல்ல.

இது எல்லா நாட்டுலயும் வர்ற பிரச்சினை. அமெரிக்காவுல கொலராடோ மாநிலம் 2023ல விவசாய மெஷினுக்கு ரிப்பேர் உரிமைச் சட்டம் போட்டுச்சு, அதுதான் முதல் மாநிலம், 2024 ஜனவரில இருந்து நடைமுறை. 2025 ஜனவரில அமெரிக்க அரசோட வணிக ஆணையம் எஃப்டிசி ரெண்டு மாநிலத்தோட சேர்ந்து டிராக்டர் கம்பெனி ஜான் டியர் மேல கேஸ் போட்டுச்சு, முழு வசதி இருக்கிற ரிப்பேர் சாஃப்ட்வேரை டீலருக்கு மட்டும் கொடுத்து போட்டிய அடைக்கிறாங்கன்னு. கம்பெனி அதை மறுத்துச்சு. கம்பெனிங்க பொதுவா சொல்ற காரணம், சாஃப்ட்வேரைத் திறந்து விட்டா புகைக் கட்டுப்பாட்டைக் கழட்டிருவாங்க, பாதுகாப்பு போயிரும்னு. அதுல கொஞ்சம் உண்மையும் இருக்கு, அப்படிக் கழட்டுற ஆளுங்களை நானே பார்த்திருக்கேன். ஆனா எரர் கோட் படிக்கிறதும் மாத்தின சாமானைப் பதிவு பண்றதும் அதுல சேராது.

2022ல உக்ரைன்ல மெலிட்டோபோல் டீலர் கடையில இருந்து ரஷ்யப் படை தூக்கிட்டுப் போன மெஷின்களை தூரத்துல இருந்தே லாக் பண்ணிட்டாங்கன்னு செய்தி வந்துச்சே, ஞாபகம் இருக்கா? எல்லாரும் கை தட்டினாங்க, எனக்கும் அப்போ சந்தோஷம்தான். அதே பூட்டு காசு கொடுத்து வாங்கின மெஷின்லயும் இருக்குங்கிறதை யாரும் பேசல.

---

அந்திமழை எழுதியது:

டீசல் எஞ்சின் அண்ணா, படிச்சதும் கஷ்டமா இருந்துச்சு.

ஒரு சந்தேகம், பெரிய கம்பெனிக்குப் போட்டியா ஸ்டார்ட்அப்புங்க வரும்னு எங்க வகுப்புல சொல்றாங்க, கட்டடத்துக்குள்ள அடுக்கடுக்கா வளக்கிற செங்குத்து விவசாயம் அது இதுன்னு. அது ஒரு வாசல் ஆகாதா?

---

விதைநேர்த்தி எழுதியது:

அந்திமழை, அதுல ரொம்ப நம்பிக்கை வெக்காதீங்க. செங்குத்து விவசாயக் கம்பெனிங்களைப் பாருங்க, 2023ல ஏரோஃபார்ம்ஸ் திவால் மனு கொடுத்துச்சு, 2024 நவம்பர்ல பவரி மூடுச்சு, 2025 மார்ச்ல பிளென்ட்டி திவால் மனு. சூரியன் இலவசமாக் கொடுக்கிற வெளிச்சத்தை கரண்டுல கொடுத்தா கீரை வகை, ஸ்ட்ராபெரி மாதிரி சிலதுக்குத்தான் கணக்கே வரும், அதுக்கும் கஷ்டம். கோதுமை சோயா பேச்சுக்கே இடமில்ல. நல்லா ஓடுற சின்ன விதைக் கம்பெனி, மென்பொருள் கம்பெனின்னா பெரியவங்க வாங்கிடறாங்க. களைய மட்டும் பார்த்து மருந்து அடிக்கிற கேமரா தொழில்நுட்பம் செஞ்ச புளூ ரிவரை ஜான் டியர் 2017லயே 305 மில்லியன் டாலருக்கு வாங்கிருச்சு.

---

வரப்போரம் எழுதியது:

டீசல் எஞ்சின் எழுதினதைப் படிச்ச பிறகு ரிப்பேர் விஷயத்துல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல. கப்பல் அளவுக்குப் பெரிய ஆளு வேணும்னு சொன்னேன், இப்பவும் சொல்றேன், ஆனா அதுக்காக வயல் ஓரத்துல மாத்து வழி இல்லாம இருக்கக் கூடாது.

இன்னொரு செய்தி, 2025 அக்டோபர்ல கோர்டேவா தன்னை ரெண்டாப் பிரிக்கப் போறதா அறிவிச்சிருக்கு, விதை ஒரு கம்பெனி, பயிர் மருந்து ஒரு கம்பெனி, 2026 இரண்டாம் பாதியில முடிக்கிற திட்டம். மேடம், நீங்க கவலைப்பட்ட ஒரே வீடு விஷயம் இதுல சரியாகுமா?

---

விதைநேர்த்தி எழுதியது:

சார், நானும் அதைத்தான் உன்னிப்பாப் பார்க்கிறேன். ரெண்டு கம்பெனி ஆனதும் தானா விடுதலை கிடைச்சிராது. பிரியும்போது ரெண்டு பேருக்கும் நடுவுல நீண்ட கால ஒப்பந்தம் போடுவாங்க, அதுல எந்தக் களைக்கொல்லியைத் தாங்குற பண்பு யாரு பேருல போகுது, அந்தப் பண்பை வேற விதைக் கம்பெனிக்கு லைசென்ஸ் கொடுக்கலாமா, விதை வாங்கினா மருந்துக்குத் தள்ளுபடின்னு சேர்த்துக் கட்டி விக்கிற திட்டம் தொடருமா, இந்த மூணும் எப்படி எழுதியிருக்குன்னுதான் பார்க்கணும். பிரிவினை ஆவணம் பங்குச் சந்தை ஆணையத்துல தாக்கல் பண்ணித்தான் ஆகணும், அது பொதுவுல கிடைக்கும். வந்ததும் நான் அந்தப் பகுதிய மட்டும் தமிழ்ல எழுதி இங்கயே போடறேன், கிடங்குக்காரன் அண்ணே, நீங்க பன்ஜி வித்த அந்த ஆறு கிடங்கையும் யாரு வாங்கினாங்கன்னு பார்த்துச் சொல்லுங்க, அதுவும் ஏற்கனவே பெரிய ஆளுங்க கைக்கே போச்சான்னு தெரியணும்.

---

கிடங்குக்காரன் எழுதியது:

பார்த்துச் சொல்றேம்மா. பழைய ஆளுங்க இன்னும் ரெண்டு மூணு பேரு தொடர்புல இருக்காங்க, அந்தக் கிடங்கு இருக்கிற பக்கம் பேசிஸ் இணைப்புக்கு முன்னாடி என்ன, இப்போ என்னன்னும் கேட்டு வாங்கிடறேன்.